இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ: காசநோய்க்குச் சோறு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு

42.6 கிலோ. 36.1 கிலோ. ஜார்க்கண்டில் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்த 2,800 பேரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது கிடைத்த சராசரிகள் இவை. முதலாவது ஆண்களுடையது, இரண்டாவது பெண்களுடையது. இவர்களின் சராசரி வயது நாற்பதுக்கு மேல். வீட்டில் சம்பாதித்துப் போட வேண்டியவர்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் எடையில் வந்து நின்றார்கள்.

கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 18.5-க்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு. இந்த 2,800 பேரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். சுமார் 17 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 14 கூட இல்லை. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 14 என்றால் எடை 36 கிலோவைத் தொடவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஓர் ஆள் படுக்கையிலிருந்து எழுவதே பெரும்பாடு.

இந்த ஆட்களையும் அவர்கள் வீட்டாரையும் வைத்து நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மங்களூரு யேனபோயா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் தலைமை ஏற்றார்கள். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் கூட்டாளி. முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட், லான்செட் குளோபல் ஹெல்த் என்ற இரண்டு இதழ்களில் வெளியாயின. சேத்துப்பட்டு நிறுவனம் இதில் இருந்ததற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

சானடோரியம் போனதும் சோறும் போனது

சென்னை புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு: சானடோரியத்தால் கொடுக்க முடிந்தது இந்த மூன்றும்தான்.

பிறகு மருந்து வந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் சில ஆயிரம். அப்போது எழுந்த கேள்வி: வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? இதற்கு விடை தேடி 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய சேத்துப்பட்டு நிறுவனம் அந்த மையத்தின் தொடர்ச்சிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள், ஐசோனியாசிடும் பாஸும்.

1959-இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக எடை போட்டார்கள். ஆனால் சளியில் கிருமி மறைவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெரிசலான வீட்டில், குறைவாகச் சாப்பிட்டவருக்கும் மருந்து வேலை செய்தது. உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடின. ஏழை நோயாளி குடும்பத்தை விட்டு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது. இந்த ஆய்வு செய்த நன்மையை நான் கொஞ்சமும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அதோடு சேர்ந்து இன்னொரு பாடமும் மருத்துவ உலகத்தின் மனதில் பதிந்துவிட்டது: மருந்து போதும், சாப்பாடு பெரிய விஷயமில்லை. மதராஸ் ஆய்வு விடை சொன்ன கேள்வி, மருந்து சாப்பிடுகிறவரின் சளியில் கிருமி மறைகிறதா என்பது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் நல்ல சாப்பாடு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்ற கேள்வியை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. கேட்காத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக அறுபது ஆண்டு நாம் நடந்துகொண்டோம்.

தடயங்கள் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்ட வீரர்களைப் பற்றி 1946-இல் ஒரு கணக்கு வெளியானது. ரஷ்யக் கைதிகளில் 19 சதவீதம் பேருக்குக் காசநோய். பிரிட்டிஷ் கைதிகளில் 1.2 சதவீதம்தான். பிரிட்டிஷ் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் வந்துகொண்டிருந்தன. ரஷ்யர்களுக்கு அது கிடைக்கவில்லை. பிற்காலத்தில் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிஎம்ஐ ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் காசநோய் ஆபத்து ஏறத்தாழ 14 சதவீதம் குறைவதும் தெரிந்தது. உடல் வற்றினால் காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களும் தளர்ந்துவிடும். கிருமி விழித்துக்கொண்டால் பசி போகும், தசை கரையும், உடல் இன்னும் வற்றும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே போகும்.

பையில் என்ன இருந்தது

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 28 காசநோய் அலகுகளை (அரசுக் காசநோய்த் திட்டத்தின் நிர்வாக வட்டாரங்களை) குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஆட்சேர்ப்பு 2019 ஆகஸ்டில் தொடங்கியது, கண்காணிப்பு 2022 ஜூலை வரை நடந்தது. நடுவில் கோவிட் வந்தது. ஊரடங்கிலும் பை போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் அந்தக் களப்பணியாளர்களுக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

நோயாளிகள் அனைவருக்கும் மாதம் பத்து கிலோ பை. ஐந்து கிலோ அரிசி, மூன்று கிலோ சத்து மாவு, ஒன்றரை கிலோ பால் பவுடர், அரை லிட்டர் எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. சத்து என்பது கொண்டைக்கடலையை வறுத்து அரைத்த மாவு, நம் பொட்டுக்கடலை மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜார்க்கண்டுக்காரர்கள் அதைத் தண்ணீரில் கரைத்து உப்புப் போட்டுக் குடிப்பார்கள், வெங்காயத்தோடு பிசைந்தும் சாப்பிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பக்கத்துக் கடையில் கிடைக்கும், வாயில் வைத்ததும் பழகிய ருசி. ஒரு நாளைக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். வெளிநாட்டு சத்துப் பொட்டலத்தைத் தேடிப் போகாமல் அந்த ஊர்ச் சாப்பாட்டையே எடுத்துக்கொண்டது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இரு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டாரிடம்தான். ஒரு பிரிவில் வீட்டாருக்கும் பை போனது: பெரியவர் ஒருவருக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு, குழந்தைகளுக்குப் பாதி. நாள் கணக்கில் 750 கலோரி, 23 கிராம் புரதம். மற்றப் பிரிவில் வீட்டார் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டார்கள். சாதாரணக் காசநோய் என்றால் ஆறு மாதம், மருந்துக்கு அடங்காத வகை என்றால் பன்னிரண்டு மாதம்.

வீட்டார் மொத்தம் 10,345 பேர். பை கிடைத்த 5,621 பேரில் 96 பேருக்குக் காசநோய் வந்தது. கிடைக்காத 4,724 பேரில் 122 பேருக்கு வந்தது. இரு பிரிவுகளுக்கும் இடையிலான மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிப் பார்த்தால் எல்லா வகைக் காசநோயும் 39 சதவீதம் குறைந்திருந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. அந்த இரண்டாவது வகைதான் இருமலில் அடுத்தவருக்குப் பரவுவது, ஆகவே அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

எம்72 என்ற புதிய காசநோய்த் தடுப்பூசி 2019-இல் ஏறத்தாழ 50 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. உலகமெங்கும் செய்தியானது, 2024-இல் பெரிய மூன்றாம் கட்ட ஆய்வும் தொடங்கியது. அது வேறு மக்களிடம் வேறு விதமாக நடந்த ஆய்வு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. அந்தத் தடுப்பூசி வெற்றி பெற வேண்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் அரிசியும் பருப்பும் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் பலனைக் காட்டியிருக்கிறபோது, அதே பரபரப்பு ஏன் இல்லை?

நோயாளிகளுக்கு என்ன ஆனது

ஆறு மாதச் சிகிச்சைக் காலத்தில் 2,800 பேரில் 108 பேர் இறந்தார்கள், 3.9 சதவீதம். சிகிச்சை வெற்றி 94 சதவீதத்தை ஒட்டி. இவ்வளவு மெலிந்தவர்களிடம் இது நல்ல முடிவு.

இதற்குள் இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு? 42.6 கிலோ ஆணுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 36.1 கிலோ பெண்ணுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ்.

இங்கே நிதானம் வேண்டும். நோயாளிகள் எல்லோருக்கும் பை கிடைத்தது, கிடைக்காத நோயாளி என்று ஒப்பிட யாருமில்லை. மெலிந்து கிடக்கும் நோயாளிக்குச் சாப்பாடு இல்லை என்று சொல்லி ஓர் ஆய்வை நடத்துவது அறமாகாது, அதனால் அப்படி வைத்தது சரியே. ஆனால் அதன் விளைவாக, இந்த 61 சதவீதத்தை உணவின் பலன் என்று அப்படியே எழுதிவிட முடியாது. நோய் முற்றியவருக்குப் பசியே இருக்காது, எடையும் ஏறாது, அவரே இறக்கவும் கூடும். எடை ஏறியது பிழைத்ததற்குக் காரணமா, பிழைக்கப் போகிறார் என்பதற்கு அடையாளமா என்பதை இந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது. வீட்டாரிடம் கண்டதுதான் குலுக்கல் ஆய்வின் முழு வலுவுள்ள முடிவு. அதிலும் ஒரு மாநிலம், வறுமையும் ஊட்டக்குறைவும் மிகுந்த மக்கள் என்ற எல்லை உண்டு. நன்றாகச் சாப்பிடும் வீட்டில் பருப்புப் பை இதே பலனைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இருந்தாலும் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது விலைமதிப்பற்ற அடையாளம். இரண்டாம் மாத முடிவில் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது சிகிச்சை விதியிலேயே இருக்கிறது. எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து, ஏறவில்லை என்றால் அன்றே விசாரிப்பது அதே அளவுக்குக் கட்டாயமாக வேண்டும்.

தமிழ்நாட்டில்: யாரை முதலில் காப்பாற்றுவது

காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், இரண்டு வாரத்தில் போய்விடுகிறார். மாத்திரை நல்ல மாத்திரைதான். அது வேலை செய்யும்வரை உடம்பு தாங்கவில்லை.

இதைத் தடுக்க 2022 ஏப்ரலில் தமிழ்நாடு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சென்னையில் இருந்து வழிகாட்டுகிறது. தலைநகர் நீங்கலாக மற்ற மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. எப்படி என்பதைக் கிட்டே நின்று பார்ப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவருக்கு டிபி என்று உறுதியாகிறது. மாத்திரை கொடுத்து அனுப்புவதற்கு முன் அவரை எடை பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம். மார்பைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறார்கள். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டுகிறார்கள். கடைசியாக, "எதையும் பிடிக்காமல் எழுந்து நில்லுங்கள், அண்ணே" என்கிறார்கள். பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழ், பிஎம்ஐ 16 வரை இருந்து கூடவே காலில் வீக்கமும் இருப்பது, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94-க்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் தீவிர நோயாளி. வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அட்மிட் பண்ண வேண்டும்.

எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. எந்த பிஎச்சியிலும் உள்ள பொருள்களை வைத்து ஐந்து பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. பத்தில் ஒருவருக்கு மேல் இந்த வலையில் விழுகிறார்கள். இவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் என்று சொல்லும் ஒரு கணிப்பு முறையையும் 2025-இல் இதனோடு சேர்த்தார்கள். வந்தவரின் விவரங்களைப் பதிந்ததும் அவருடைய அபாயம் எவ்வளவு என்று ஊழியரின் திரையில் எண்ணாக வந்து நிற்கும். "ரொம்ப சீரியஸ்" என்ற சொல்லைவிட எண்ணுக்குப் படுக்கை சீக்கிரம் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

அட்மிட் ஆனவருக்கும் சாப்பாடு மருந்துதான், அளவும் மருந்தைப் போலவே பார்க்க வேண்டும். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று வயிறாரப் போட்டால் ரத்தத்தில் உப்புச்சத்துகள் கவிழ்ந்து இதயமே நின்றுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி ஏற்ற வேண்டும். வீட்டில் அன்பாக ஊட்டுகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. பிஎம்ஐ 14-க்காரரை மருத்துவமனையில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணமாகப் போகும் சோறு

மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய் ஆனது, ஆறு மாதத்துக்கு 6,000. முதல் தவணை 3,000 ரூபாய் நோய் கண்டதுமே வர வேண்டும். பிஎம்ஐ 18.5-க்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கலோரி மிகுந்த கூடுதல் சத்துணவும் அறிவிக்கப்பட்டது. இவை ரேஷன்ஸ் ஆய்வுக்குப் பின் வந்த நல்ல மாற்றங்கள்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆய்வில் நோயாளியின் பைக்கு 2019 விலையில் மாதம் சுமார் 1,100 ரூபாய் ஆனது. 2024-இல் இரட்டிப்பாக்கிய தொகை ஐந்து ஆண்டுக்கு முந்தைய விலையையே எட்டவில்லை. வீட்டாரில் ஒருவருக்கு ஆன செலவு மாதம் 325 ரூபாய், நான்கு பேர் என்றால் 1,300. அந்த 1,300 ரூபாய்க்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. 'நிக்ஷய் மித்ரா' என்று கொடையாளர்கள் நோயாளியைத் தத்தெடுத்து உணவுப் பை தரும் ஏற்பாடு 2022 செப்டம்பரில் வந்தது, பின்னர் வீட்டாருக்கும் விரிவாக்கப்பட்டது. கொடுப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் கொடையாளி கிடைத்த ஊரில் பை, கிடைக்காத ஊரில் இல்லை என்றால் அதை நோய்த்தடுப்புத் திட்டம் என்று சொல்வது கடினம்.

அப்புறம், வங்கிக் கணக்கு. ஊர் ஊராக வேலைக்குப் போகிறவருக்குக் கணக்கு இருக்காது, இருந்தாலும் ஆதாரில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் வேறு மாதிரியும் இருக்கும். பணம் தாமதமாகும். வந்த பணமும் வாடகைக்கும் பழைய கடனுக்கும் போகும்; வேலைக்குப் போக முடியாத வீட்டில் அது குற்றமே இல்லை. அதனால்தான் பணத்தோடு பையும் வேண்டும் என்கிறேன்.

செலவு கட்டுமா? ஒரு காசநோயைத் தடுக்க சுமார் 30 வீடுகளில் 111 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும் என்பது ஆய்வின் கணக்கு. 111 பேர், மாதம் 325 ரூபாய், ஆறு மாதம்: இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சின்னத் தொகை இல்லை, மறைக்க வேண்டாம். அதே பையால் மீதி 110 பேரும் ஆறு மாதம் பசியாறினார்கள் என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். இந்தியாவில் பாதி நோயாளிகளின் வீடுகளுக்கு இந்த உணவு எட்டினால்கூட 2035-க்குள் 3.6 லட்சம் மரணங்களையும் 8.8 லட்சம் நோய்களையும் தவிர்க்கலாம் என்று பின்னர் வந்த ஒரு கணிப்பாய்வு சொன்னது. 2023-இல் மட்டும் நம் நாட்டில் காசநோயால் இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

தமிழ்நாட்டில் இதற்கான கடை ஏற்கெனவே தெருமுனையில் இருக்கிறது. அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அரிசிக்கு இங்கே பெரும்பாலான வீடுகளில் தட்டுப்பாடு இல்லை. குறைவது பருப்பு. ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ என்பது வழக்கம். ஆய்வின் அளவுப்படி நோயாளியைத் தவிர நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் ஆறு கிலோ வேண்டும். குறைவது ஐந்து கிலோ, ஆறு மாதத்துக்கு முப்பது கிலோ. கணுக்காலை அழுத்திப் பார்த்து, மூச்சை எண்ணி எழுதும் அதே தாளில் குடும்ப அட்டை எண்ணுக்கும் ஒரு கட்டம் சேர்த்தால், அந்தப் பருப்பு எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.